கிக்கர் இல்லாத புல்லட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பழைய மோட்டார் சைக்கிள்கள் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவள் நான். போன வருடம் சம்பளத்தில் சேர்த்த பணத்தில் புது புல்லட் 350 வாங்கினேன். என் பெரியப்பாவிடம் 1986 மாடல் ஸ்டாண்டர்ட் இருக்கிறது. சின்ன வயதில் அதன் டேங்க்மேல் உட்கார்ந்து ஊர் சுற்றியிருக்கிறேன். அந்த ஆசைதான் என்னை இந்த வண்டியை வாங்க வைத்தது. கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "கிக்கர் எங்கம்மா?" என்றார். இதில் கிக்கர் கிடையாது பெரியப்பா என்றேன். "அப்ப இது புல்லட்டே இல்ல, பேரை மட்டும் ஒட்டி விக்கிறான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுமலைக்கு வண்டி ஓட்டிப் போகும் குழு ஒன்றில் இருக்கிறேன். அங்கேயும் இதே சண்டைதான். காஸ்ட் அயர்ன் இன்ஜின், அதாவது வார்ப்பிரும்பு சிலிண்டர் உள்ள பழைய இன்ஜின் வைத்திருப்பவர்கள், பட்டனை அழுத்தி செல்ஃப் ஸ்டார்ட் செய்யும் எங்களை 'செல்ஃப் பார்ட்டி' என்கிறார்கள். அவர்கள் வண்டியில் ஆயில் ஒழுகுகிறது என்று எங்கள் பக்கத்துப் பையன்கள் அவர்களை 'ஆயில் டின்' என்கிறார்கள். ராயல் என்ஃபீல்டின் 2012 கிளாசிக் மாடல் வைத்திருக்கும் ஒருவர், கடைசி உண்மையான இன்ஜின் தன்னுடையதுதான் என்று எங்களிடம் சொல்கிறார். போன மாதம் பேச்சு முற்றி ஒருவர் குழுவை விட்டே போய்விட்டார்.

மூன்று கேள்விகள். எதுதான் அசல் புல்லட்? 'பழைய சத்தம்' வரும் என்று வேறு சைலன்ஸர் மாட்டச் சொல்கிறார்கள், மாட்டலாமா? பெரியப்பாவுக்கு முழங்கால் வலி. வண்டியை விற்கப்போவதாகச் சொல்கிறார். எனக்குத் தர மனமில்லை. அவரிடம் எப்படிக் கேட்பது?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

நானும் காஸ்ட் அயர்ன் வண்டிக்காரன்தான். அந்த இன்ஜின்மேல் எனக்கு இருக்கும் பிரியம் இந்தப் பதில் முழுக்கத் தெரியும். அதனால் முதல் கேள்விக்கான பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாங்கியது புல்லட்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெரியப்பாவின் வண்டி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்ட் கம்பெனி, 1930களின் தொடக்கத்திலேயே புல்லட் என்ற பெயரில் வண்டி விற்றது. அவற்றில் பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் கிடையாது. 1948இல் பின்பக்கம் ஸ்விங் ஆர்ம், அதாவது பின்சக்கரத்தை மேலும் கீழும் அசையவிடும் சஸ்பென்ஷன் வைத்த புது புல்லட்டைக் காட்டியபோது, கரடுமுரடான பாதைப் போட்டிகளில் ஓட்டி ஊறிப்போன ஆட்கள் பலர் நம்பவில்லை. பின்சக்கரம் துள்ளும், பிடிப்புப் போய்விடும் என்றார்கள். அதே வருடம் இத்தாலியில் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் அந்த வண்டியை ஓட்டியவர்கள் தங்கப் பதக்கத்தோடு திரும்பினார்கள். ஆக, பெரியப்பா அசல் என்று நினைக்கும் அந்த உருவமே, பிறந்தபோது பழைய ஆட்கள் முகம் சுளித்த புது வண்டி.

அப்புறம் மதராஸ். 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக நூற்றுக்கணக்கில் புல்லட் கேட்டது. 1955இல் மதராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா உருவாகி, அடுத்த வருடம் திருவொற்றியூரில் வேலை தொடங்கியது. ரெட்டிச்சில் அந்த மாடலை மாற்றிக்கொண்டே போனார்கள். நம் ஊரில் 1955 உருவத்தையே பிடித்துக்கொண்டோம். ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1977இல் மதராஸ் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானபோது, ரெட்டிச் வண்டி வைத்திருந்தவர்களில் சிலர் அதை அசலாக ஏற்கவில்லை. "இந்திய வண்டி" என்று ஒதுக்கினார்கள். பெரியப்பாவின் 1986 ஸ்டாண்டர்டும் அந்தக் கணக்கில் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இங்கேயும் அதே வரிசைதான். ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தோடு சேர்ந்து செய்த அலுமினிய இன்ஜின் 2000 வாக்கில் மச்சிஸ்மோ மாடலிலும், 2002இல் தண்டர்பேர்ட் மாடலிலும் வந்தது. காஸ்ட் அயர்ன்காரர்கள் அதைப் புல்லட் கணக்கில் சேர்க்கவில்லை. 2008இல் தொடங்கி, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் யூ.சி.இ. வந்தது. புகை விதிகள் இறுகியதால் 2010 வாக்கில் காஸ்ட் அயர்ன் நின்றது. அன்று யூ.சி.இ.யைப் பார்த்துச் சொல்லாத பேச்சில்லை. உங்கள் குழுவில் இருக்கும் 2012 கிளாசிக்காரர் அந்தப் பேச்சையெல்லாம் வாங்கியவராகத்தான் இருப்பார். இன்று அவர் அதையே உங்களிடம் சொல்கிறார் என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. பட்டவர் அவர்.

ஆனால் பெரியப்பா அந்த வண்டியில் எதை நேசிக்கிறார் என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அது வெறும் வறட்டு கௌரவம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அவர் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரைக் கவனிப்பார். பாயிண்ட், அதாவது ஸ்பார்க்குக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச், மூடியிருக்கும்வரை முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். திறந்ததும் நடுவுக்கு வரும். பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியை நெருங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். உடனே சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. பாதி மனதோடு உதைத்தாலோ, ஸ்பார்க் வரும் நேரமான டைமிங் முன்னால் போயிருந்தாலோ, கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கி வாரக்கணக்கில் நொண்டியவர்கள் உண்டு. வண்டிக்குள்ளே என்ன நடக்கிறது என்று மனதில் படம் ஓடினால்தான் அது உயிர் பெறும். ஓட்டுகிறவர் ஒவ்வொரு நாள் காலையும் இன்ஜினின் நான்கு ஸ்ட்ரோக்கையும் காலால் தொட்டுப் பார்க்கிறார். முப்பது நாற்பது வருடம் இப்படி வாழ்ந்த ஒருவருக்கு, பட்டனைத் தொட்டதும் ஓடுகிற வண்டி அன்னியமாகத் தெரிவதில் என்ன ஆச்சரியம்?

ஓட்டுவதும் அப்படித்தான். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே அழுத்த வேண்டும். சிலிண்டரின் குறுக்களவான போர் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் போய்வரும் நீளமான ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், கனமான ஃப்ளைவீல், குறைந்த கம்ப்ரஷன். அதனால்தான் அது அவ்வளவு மெதுவாக, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிற மாதிரி ஐட்லிங்கில் நிற்கிறது. அந்தத் தாளம் எனக்கும் உயிர்தான்.

இந்த இடத்தில் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வந்துவிடுகிறேன். மாட்டாதீர்கள். சட்டப்படி அபராதம் உண்டு என்பதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி சைலன்ஸரோடு நல்ல நிலையில் இருக்கும் பழைய புல்லட் அப்படியொன்றும் சத்தமான வண்டி இல்லை. நீளமான அந்தக் குழாய் வழியாகத் தணிந்துதான் பேசும். அந்தத் தாளம் பிறப்பது ஃப்ளைவீலிலும் கம்ப்ரஷனிலும். உங்கள் வண்டியில் அதிர்வைக் குறைக்க பேலன்ஸர் ஷாஃப்ட் இருக்கிறது, வால்வுகளைத் திறக்கும் கேம் சிலிண்டருக்கு மேலே இருக்கிறது, ஃபியூயல் இன்ஜெக்ஷன் இருக்கிறது. சைலன்ஸரைப் பிடுங்கி ஓட்டைக் குழாய் மாட்டினால் இரைச்சல் கூடும், தாளம் வராது. ஆஸ்பத்திரித் தெருவில் அப்படிப் போகிற வண்டிகளால் எல்லாப் புல்லட்காரர்களுக்கும் கெட்ட பெயர்.

உங்கள் பக்கத்துப் பையன்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. 'ஆயில் டின்' என்று கேலி செய்கிறவர்களுக்கு ஆயில் ஏன் ஒழுகுகிறது என்று தெரியுமா? பெரும்பாலும் இன்ஜினின் மூச்சுக்குழாயான ப்ரீதர் அடைத்து உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும், அல்லது கேஸ்கெட்டை அவசரமாக மாட்டியிருப்பார்கள். பொறுமையாகக் கோத்த காஸ்ட் அயர்ன் இன்ஜின் தரையை நனைக்காது. இன்னொன்று. அந்தப் பையன்கள் தங்கள் வண்டியில் விரும்புவதே பழைய வண்டி கொடுத்ததுதான். வேகத்துக்குப் பேர்போன கே.டி.எம். 390 பிரபலமாக இருந்த காலத்தில் அதன் போரும் ஸ்ட்ரோக்கும் 89க்கு 60 மில்லிமீட்டர், 373 சி.சி., 43 குதிரைத்திறன். உங்கள் ஜே சீரீஸ் இன்ஜின் 72க்கு 85.8 மில்லிமீட்டர், 349 சி.சி., 20 குதிரைத்திறன் சொச்சம். நினைத்திருந்தால் வேகமாகச் சுற்றுகிற இன்ஜினை ராயல் என்ஃபீல்ட்காரர்களும் செய்திருக்கலாம். நீளமான ஸ்ட்ரோக்கையே வைத்துக்கொண்டு, கீழ்ச் சுற்றிலேயே இழுவை கிடைக்கும்படி செய்தார்கள். பெரியப்பாவின் வண்டி இல்லாமல் அந்த முடிவு வந்திருக்காது.

கிக்கரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். "உதைக்கத் தெரிஞ்சாத்தான் புல்லட்" என்று காலம் காலமாகச் சொல்லி, ஒல்லியானவர்களையும் வயதானவர்களையும் பெண்களையும் தள்ளியே வைத்தோம். உடல் பலம் வேண்டும் என்று பயமுறுத்தினோம். மேலே எழுதிய முறையைத் திரும்பப் படியுங்கள், பலத்துக்கு அதில் எவ்வளவு இடம் இருக்கிறது? பிஸ்டனைச் சரியான இடத்தில் நிறுத்தத் தெரிந்தால் மெலிந்த ஆளும் உதைக்கலாம். ஒரு காலை நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். பல பேர் சொல்லிக்கொடுக்கவே இல்லை. செல்ஃப் ஸ்டார்ட் வந்த பிறகுதான் உங்களைப் போன்றவர்கள் யாரையும் கேட்காமல் புல்லட்டில் ஏற முடிந்தது. அதில் எனக்கு முழு மகிழ்ச்சி. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸும் அப்படித்தான். மழையில் டிரம் பிரேக்கை நம்பி மலை இறங்கிய யாரும் அதைக் கேலி செய்ய மாட்டார்கள்.

என் உண்மையான கவலை வேறு. ஊருக்கு ஊர் புல்லட் மட்டுமே பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருந்தார். சத்தத்தைக் கேட்டே டைமிங் எங்கே நிற்கிறது என்று சொல்வார். இன்று அவர்களுக்கு வயதாகிவிட்டது, பலர் கடையை மூடிவிட்டார்கள். யூ.சி.இ. இன்ஜினில் வால்வுகளை இயக்க உதவும் டேப்பெட் ஹைட்ராலிக் வகை, அதை அட்ஜஸ்ட் செய்யும் வேலையே இல்லை. பாயிண்டும் இல்லை. அதனால் 2010க்குப் பிறகு தொழிலுக்கு வந்த பையன்கள் பலருக்கு இந்த வேலையைக் கற்கும் சந்தர்ப்பமே வரவில்லை. பாயிண்ட் இடைவெளியை 0.35க்கும் 0.40 மில்லிமீட்டருக்கும் நடுவில் வைக்க வேண்டும் என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். தேய்ந்த பாயிண்டை எப்படிப் பார்ப்பது, இடைவெளியை அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் எவ்வளவு இறுக்கமாகப் போக வேண்டும் என்பதைக் கை பிடித்துத்தான் சொல்லித்தர முடியும். இதை யாரிடம் கொடுப்பது? பழைய வண்டிமேல் ஆசையோடு வருகிற இளைஞர்கள் யார் என்று பார்த்தால், புது புல்லட் வாங்கியவர்கள்தான். அவர்களை வாசலிலேயே 'செல்ஃப் பார்ட்டி' என்று திருப்பி அனுப்புகிறோம். கேட்க ஆள் இல்லாத உதிரிபாகத்தை எந்தக் கடைக்காரரும் வாங்கி வைக்க மாட்டார். இந்தச் சண்டையில் புது வண்டிக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அது பாட்டுக்கு ஆயிரக்கணக்கில் விற்கும். சாகப்போவது காஸ்ட் அயர்ன்தான். உங்கள் குழுவின் பெரியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

சரி, பெரியப்பா. வண்டியைத் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டு போகாதீர்கள். டேப்பெட் பார்க்கக் கற்றுக்கொடுங்கள் என்று போங்கள். ராத்திரி முழுக்க நின்று ஆறிய இன்ஜின் வேண்டும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். சிலிண்டரின் வலது பக்கம் அடியில் ஒரே நட்டில் நிற்கும் சின்ன மூடி இருக்கும், அதைக் கழற்றினால் வால்வுகளை இயக்கும் கம்பிகளான இரண்டு புஷ் ராடும் தெரியும். பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியில் இருக்கும்போது அவை விரலால் சுழற்றினால் லேசாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவருக்கு முழங்கால் வலி என்கிறீர்கள். குனிந்து பார்க்கிற வேலையும் உதைக்கிற வேலையும் உங்களுடையதாக இருக்கட்டும், அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லட்டும். உதை பழகும்போது கட்டாயம் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்க்கச் சொன்னால் முதலில் காலி மைதானத்தில் மட்டும். உங்கள் வலது கால் பிரேக்குக்குப் பழகிய கால், அவசரத்தில் அது கியர் லீவரைத்தான் மிதிக்கும். அது நிஜமான ஆபத்து.

நாலைந்து ஞாயிறு இப்படிப் போனால் விற்கும் பேச்சை அவரே ஒத்திப்போடுவார் என்று நம்புகிறேன். அந்தச் சமயம் ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் அவர் பெயரில் இருக்கும்போதே ஆர்.டி.ஓ. ஆபீஸில் புதுப்பித்துவிடுங்கள், இன்ஷூரன்ஸையும் சரிசெய்யுங்கள். பெயர் மாற்றம் அதற்கு அப்புறம்.

அன்புடன்.