முன் பிரேக்கும் ஹனோயும் – கடிதம்

அன்புள்ள சேர்,

கடந்த மாதம் அலுவலகத் தோழிகள் சிலருடன் வியட்நாம் போயிருந்தேன். ஹனோயில் ஒரு ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்து, மறுநாளே விழுந்துவிட்டேன். பெரிய காயம் இல்லை. இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்தது, இடது மணிக்கட்டு வீங்கியது. பின்னால் இரண்டு கூடை மரக்கறியுடன் ஒரு பெண் பக்க வீதியிலிருந்து திரும்பியும் பாராமல் எனக்கு முன்னால் வந்து ஏறினார். மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம். நான் பதறிப்போய் பிரேக்கை இறுக்கிப் பிடிக்க, வண்டியின் பின்பக்கம் இழுபட்டுச் சரிந்து அவருடைய வண்டியில் போய் முட்டியது. நல்ல காலம், முன் பிரேக்கை நான் தொடவில்லை. தொட்டிருந்தால் தலைகுப்புறப் போயிருப்பேன். அந்தப் பெண் ஏசவில்லை. என் வண்டியைத் தூக்கி நிறுத்தி, உடைந்த கண்ணாடியை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் கடவுச்சீட்டைப் பிணையாகக் கொடுத்திருந்ததால், வாடகைக் கடைக்காரர் கேட்ட பணத்தை மறுபேச்சில்லாமல் கொடுக்க வேண்டியதாயிற்று.

இது என் பிழையா, அல்லது எந்த ஒழுங்கும் இல்லாத அந்த ஊர்ப் போக்குவரத்தின் பிழையா? ஊருக்கு வந்த பிறகு கல்முனை வீதியில் ஸ்கூட்டரை எடுக்கவே கை நடுங்குகிறது. அம்மா விற்றுவிடச் சொல்கிறார். தம்பியும் இப்போதுதான் மோட்டார் சைக்கிள் பழகுகிறான், அதனால் அவருக்கு இரட்டிப்புப் பயம். வெளிநாட்டில் வாகனம் ஓட்டும் ஆசையை எங்களைப் போன்றவர்கள் விட்டுவிடத்தான் வேண்டுமா?

ப.,
களுவாஞ்சிகுடி.

அன்புள்ள ப.,

முதலில் அந்த மணிக்கட்டு. எக்ஸ்ரே எடுத்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. விழும்போது உள்ளங்கையை ஊன்றியவர்களுக்குப் பெருவிரலின் அடிப்பக்கத்தில் உள்ள சிறிய எலும்பொன்று வெடித்திருப்பதுண்டு. அது முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். கவனிக்காமல் விட்டால் பொருந்தாமலே கிடந்து, பிற்காலத்தில் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கவும் விடாது. பெருவிரலை நன்றாக விரித்தால் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குழி தோன்றும். அதை அழுத்திப் பாருங்கள். நொந்தால் நாளைக்கே களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள், மகள். ஸ்கூட்டரை விற்பதா வைத்திருப்பதா என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

அங்கே எந்த ஒழுங்கும் இல்லை என்கிறீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிகிற நேரத்தில் காத்தான்குடிப் பிரதான வீதியை ஒரு ஹனோய்க்காரருக்குக் காட்டினால் அவரும் இதையேதான் எழுதுவார். அந்த ஊரில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் உள்ளதைப் பார்த்துக்கொள்கிறார்கள். பின்னால் வருபவர் தம்மைப் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறார்கள். நெரிசலுக்குள் வேகம் குறைவு. சட்டென்று நிற்பதையும் சட்டென்று திரும்புவதையும் முடிந்தவரை தவிர்க்கிறார்கள். நடந்து கடக்கிறவர்களுக்கும் அங்கே சொல்லப்படுவது, சீராக நட, நடுவில் நிற்காதே, பின்வாங்காதே என்பதுதான். மரக்கறிக்காரப் பெண் அந்த வழக்கப்படியே ஏறியிருக்கிறார். அதை நல்ல வழக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் அந்நாட்டு வீதிகளில் இறக்கிறார்கள். அதனால்தான் 2007 டிசம்பரில் எல்லா வீதிகளிலும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கினார்கள், 2020 முதல் ஒரு துளி மதுவுடனும் வண்டி எடுக்கக்கூடாது என்றார்கள், 2025 தொடக்கத்தில் தண்டப் பணத்தைப் பல மடங்கு உயர்த்தினார்கள்.

உங்களுக்கு அவர் ஏன் இவ்வளவு தாமதமாகத் தென்பட்டார் என்பதற்கு எளிமையான ஒரு காரணம் உண்டு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். நமது வீதிகளில் ஒழுங்கையிலிருந்து வருகிறவர் இடக்கைப் பக்கமாக வந்து சேர்வார், ஆகவே நம் கண் தானாக அங்கேதான் போய்ப் போய் வரும். வியட்நாமில் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். அந்தப் பெண் உங்கள் வலக்கைப் பக்கத்திலிருந்து வந்திருப்பார், உங்கள் கண்ணோ களுவாஞ்சிகுடிப் பழக்கத்தில் இடப்பக்கத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கும். இரண்டு நாளில் மாறுகிற பழக்கமல்ல அது.

கடவுச்சீட்டைப் பிணையாகக் கொடுத்த செயலை என்னவென்று சொல்வது? வங்கியில் வேலை செய்கிறீர்கள் என்று முன்பொரு கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். ஒருவர் தன் அடையாள அட்டையை உங்கள் மேசையில் விட்டுவிட்டுப் போனால் பின்னால் ஓடிப்போய்க் கொடுத்திருப்பீர்கள். காசைப் பிணையாகக் கொடுக்கலாம், பிரதியொன்றைக் கொடுக்கலாம். இரண்டுக்கும் சம்மதிக்காதவனின் வண்டி நமக்கு வேண்டாம். அத்துடன், வியட்நாம் 2014 இல் சேர்ந்தது 1968 ஆம் ஆண்டின் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையில். அந்த உடன்படிக்கையின்படி வழங்கப்பட்ட சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரமே அங்கே செல்லும், 1949 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்பட்டது செல்லாது. உங்கள் அனுமதிப்பத்திரப் புத்தகத்தின் அட்டையில் எந்த ஆண்டு அச்சிடப்பட்டிருக்கிறது என்று பார்த்தீர்களா? அனுமதிப்பத்திரம் செல்லாத இடத்தில் பயணக் காப்புறுதியும் கைவிரித்துவிடும். தோலுரிந்த முழங்காலுடன் தப்பியதால் இது உங்களுக்கு உறைக்கவில்லை.

இவை எவற்றுக்காகவும் நான் பதில் எழுத உட்காரவில்லை. "நல்ல காலம், முன் பிரேக்கை நான் தொடவில்லை" என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் அதை யோசிக்காமல் எழுதியிருப்பீர்கள். இந்த மட்டக்களப்பு மாவட்டத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பத்துப் பேரிடம் கேட்டால் பெரும்பாலோர் அதையேதான் சொல்வார்கள், அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் தகப்பனோ, அண்ணனோ, மாமாவோ. சில காலமாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிற விடயம் இது.

நான் பழகியது நாவலடி மணலில், 2004 ஆழிப்பேரலை அந்த ஊரை வழித்துக்கொண்டு போவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு, என் தாய்மாமனுடைய ஹொண்டா 50 இல். மாமா முதலில் செய்த காரியம், சைக்கிள் டியூபை வெட்டியெடுத்த ஒரு துண்டால் முன் பிரேக் பிடியைச் சுற்றிக் கட்டியதுதான். என் விரல் தவறியும் அதை இழுத்துவிடக்கூடாது என்பது அவருடைய ஏற்பாடு. காலால் மிதிக்கிற பின் பிரேக் மட்டுமே பிரேக் என்று நான் நம்பினேன். அவர் சொன்னது அந்த இடத்துக்குச் சரிதான். ஹேண்டில் திரும்பியிருக்க, மணலுக்குள் முன் சில்லு இறுகினால் அது உருளாமல் உழும். ஆள் அந்த இடத்திலேயே சரிந்துவிடுவார். அப்போது வாவிக்குக் கிழக்கே, கடலோரமான எழுவான்கரையில் கடற்கரை ஒழுங்கைகள் எல்லாம் மணல், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கிறவல் மண், பிரதான வீதியிலோ குழிக்கு நடுவே தாரைத் தேட வேண்டும். போதாததற்குச் சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். இருபது, முப்பது கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் எவரும் போகாத காலத்தில் பின் பிரேக்கே எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருந்தது.

யுத்தம் முடிந்து வீதிகள் வழவழப்பாகத் தாரிட்ட காபட் வீதிகள் ஆயின. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்களை மட்டும் விட்ட பழைய கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013 இல் இரு வழிப் புதிய பாலம் திறக்கப்பட்டது. அறுபது, எழுபது என்று வேகம் ஏறியது, வண்டிகளின் வலுவும் ஏறியது. மணலுக்காகச் சொல்லப்பட்ட அந்த விதி மாத்திரம் ஓர் எழுத்தும் மாறாமல் மாமாக்களிடமிருந்து மருமக்களுக்கு வந்துகொண்டே இருக்கிறது. கராஜில் வண்டியை விட்டு, மகன் பழகப் போகிறான், முன் பிரேக் கேபிளைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள் என்று சொல்கிற தகப்பன்மாரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார்கள். அந்தப் பாசத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருப்பீர்கள். சாரதி பிரேக் பிடித்ததும் எல்லோரும் முன்பக்கம் சாய்கிறார்கள் அல்லவா? வண்டியின் பாரமும் அப்படியே முன்னால் போகிறது. முன் சில்லு வீதியில் அழுந்துகிறது, அதனால் அதன் பிடிமானம் கூடுகிறது. பின் சில்லின் பாரம் குறைகிறது, பிடிமானமும் குறைகிறது. பாரம் குறைந்த சில்லை நீங்கள் முழுப் பலத்துடன் பிடித்தால் அது சுழல்வதை நிறுத்திவிட்டு வழுக்கும், வழுக்குகிற சில்லு பக்கவாட்டில் இழுபடும். "பின்பக்கம் இழுபட்டுச் சரிந்து" என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள், மகள். உங்களை விழுத்தியது நீங்கள் பிடித்த பின் பிரேக். நீங்கள் தொடாமல் விட்ட முன் பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தியிருந்தால் அது உங்களை நிறுத்தியிருக்கக்கூடும். காய்ந்த தார் வீதியில் நிறுத்துகிற வலுவில் பெரும்பங்கு முன் சில்லுக்கே உரியது. பின் பிரேக்கை மட்டும் பிடித்தால், இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதைவிட ஏறக்குறைய இரு மடங்கு தூரம் ஓடித்தான் வண்டி நிற்கும். மணிக்கு நாற்பது கிலோமீற்றரில் போகிறவர் ஒரு விநாடியில் பதினொரு மீற்றர் கடக்கிறார். அந்த இரு மடங்கு என்ன விலை என்பதைக் கணக்குத் தெரிந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹர்ட் என்பவர், லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1981 இல் அறிக்கையை வெளியிட்டார். விபத்துக்குள்ளானவர்களில் நூற்றுக்கு 92 பேர் முறையான பயிற்சி இல்லாமல் தாமாகவோ, குடும்பத்தாரிடமோ, நண்பரிடமோ பழகியவர்கள். பின் பிரேக்கை அளவுக்கு மீறிப் பிடித்து வழுக்கியதும், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்காததும் அவர் திரும்பத் திரும்பக் கண்ட பிழைகள். ஆபத்து கண்ணில் பட்டதிலிருந்து மோதும் வரை கிடைக்கிற நேரம் பெரும்பாலும் இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த இரண்டு விநாடிக்குள் எவரும் யோசித்துச் செயற்படுவதில்லை. கை பழகியதைத்தான் செய்யும், உங்கள் கை நம்மூரில் பழகியதையே ஹனோயிலும் செய்தது. உங்கள் கேள்விக்குப் பதில் இதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிழை உங்களுடையதா, அந்த ஊருடையதா என்று கேட்டீர்கள். எங்களுடையது என்பேன், பழக்கிவிட்ட எங்களுடையது.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். முன் பிரேக்கைப் பிடித்து விழுந்த ஆட்களும் இருக்கிறார்கள் என்பீர்கள். இருக்கிறார்கள்; ஒரேயடியாகச் சுண்டி இழுத்தவர்கள், வளைவில் பிடித்தவர்கள், மணலில் பிடித்தவர்கள். அறுவடைக் காலத்தில் படுவான்கரை வீதிகளில் நெல்லைக் காயப் போடுகிறார்களே, அந்த நெல்லின் மேல் பிடித்தாலும் அதுதான் கதி. அந்த இடங்களை முன்கூட்டியே கண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மற்ற இடமெல்லாம் தார். ஈரத்தாரிலும் முறை அதுவேதான், அழுத்தம் மட்டும் இன்னும் மெதுவாகக் கூட வேண்டும். இந்தியாவில் 2019 ஏப்ரலில் இருந்து 125 சீசீக்கு உட்பட்ட வண்டிகளுக்கு, ஒரு பிடியை இழுத்தாலும் இரண்டு சில்லும் சேர்ந்து நிற்கிற அமைப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். நம் நாட்டில் 2020 இல் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் தொடங்கியதால் பழைய வண்டிகளே இன்னும் பெருமளவில் ஓடுகின்றன. இயந்திரம் நமக்காக யோசிக்கும் என்று காத்திருக்க முடியாது.

நடுக்கம் போவதற்கு நான் தருகிற மருந்தும் இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம், பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து, ஆள் நடமாட்டமும் மாடுகளும் இல்லாத நேரான காபட் துண்டொன்றுக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். முழங்கையும் முழங்காலும் மூடிய உடுப்புப் போடுங்கள், தலைக்கவசத்தின் பட்டியைப் பூட்டுங்கள். இருபதில் போய், ஹேண்டிலை நேராக வைத்து, வலக்கைப் பிடியை இரண்டு விரலால் முதலில் தொட்டு, அதிர்வைத் தாங்கும் முன் ஷொக் அமிழ்வது தெரிந்த பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். இடக்கைப் பிடி மெதுவாகக் கூட வரட்டும். கை அதைத் தானாகச் செய்யத் தொடங்கிய பிறகு முப்பது, அதன் பிறகு நாற்பது. ஒரே நாளில் முடிக்க வேண்டாம். தம்பியின் மோட்டார் சைக்கிளில் பின் பிரேக் வலக்காலில் இருப்பதால் அவர் தனியாகப் பழக வேண்டியிருக்கும், பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள், என்னைப் போல் ஏசாதீர்கள்.

ஸ்கூட்டரை விற்க வேண்டாம். அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பை வேண்டுமானால் நான் ஏற்கிறேன். வெளிநாட்டில் ஓட்டுகிற ஆசையைப் பற்றிக் கேட்டீர்கள். செல்லுபடியான அனுமதிப்பத்திரம் கையில் இருந்தால் ஓட்டுங்கள், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு இரண்டு வண்டிகளையும் கராஜுக்குக் கொண்டுபோய் முன் சில்லைக் கழற்றி பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் எண்ணெயையும் பார்க்கச் சொல்லுங்கள். கேபிளை எவரேனும் தளர்த்தி வைத்திருந்தால், பக்கத்தில் நின்று இறுக்குவித்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து.