வாசகர் கேள்வி பதில்: 1914 கிறிஸ்துமஸ்

கேள்வி: முதல் உலகப் போர்ல கிறிஸ்துமஸ் அன்னிக்கு பிரிட்டிஷ்காரங்களும் ஜெர்மன்காரங்களும் சண்டைய நிறுத்திட்டு ஃபுட்பால் ஆடினாங்களாமே, நிஜமா சார்?

பதில்: சண்டை நின்னது நிஜம்தாங்க. எல்லா இடத்துலயும் இல்ல, அன்னிக்கும் குண்டடி பட்டு செத்தவங்க உண்டு. 1914 டிசம்பர் 24 ராத்திரி பெல்ஜியத்துலயும் வடக்கு பிரான்ஸ்லயும் ஜெர்மன்காரங்க பதுங்குகுழி மேட்டுல சின்னச் சின்ன கிறிஸ்துமஸ் மரம் வச்சு, மெழுகுவர்த்தி ஏத்திப் பாட, எதிர்ல இருந்தவங்க பதிலுக்குப் பாட, விடிஞ்சதும் ஒவ்வொருத்தரா வெறுங்கையோட வெளிய வந்து கை குலுக்கிட்டாங்க. சிகரெட், சுருட்டு, சட்டை பட்டன்னு மாத்திக்கிட்டாங்க. பிரிட்டிஷ் மெஷின்கன் ஆளு ஒருத்தர், முட்டி போட்டு உக்காந்த ஜெர்மன் சிப்பாய்க்கு முடி வெட்டி விட்டதை நேர்ல பார்த்த அதிகாரியே எழுதி வச்சிருக்கார்.

சில இடத்துல பந்தை உதைச்சு விளையாடினது சிப்பாய்ங்க கடிதத்துல இருக்கு, ஆனா பெரிய மேட்ச்னு நினைச்சுக்காதீங்க. ஃபுட்பாலையே எல்லாரும் பேசுறது எனக்கு வருத்தம்தான். எடுக்கப் போனா சுடுவான்னு நடுவெளியில நாள்கணக்கா அப்படியே கிடந்த பிணங்கள, ரெண்டு தரப்பும் சேர்ந்து குழி வெட்டி அடக்கம் பண்ணாங்க, ஒரு இடத்துல இங்கிலீஷ், ஜெர்மன் ரெண்டுலயும் ஜெபம் நடந்துச்சு. முதல்ல சொல்ல வேண்டியது அதைத்தான்.

கேள்வி: மேலதிகாரிங்க எப்படி சம்மதிச்சாங்க? அடுத்த வருஷம் ஏன் நடக்கல?

பதில்: எங்கங்க சம்மதிச்சாங்க? பண்டிகைக்காவது நிறுத்துங்கன்னு போப் 15-ம் பெனடிக்ட் கேட்டதையே அரசாங்கங்கள் ஒத்துக்கல, எதிரியோட பழகக் கூடாதுன்னு பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்மித்-டோரியன் டிசம்பர் ஆரம்பத்துலயே உத்தரவு போட்டுட்டார். பேர் கேட்டு, குடும்பத்தோட போட்டோ பார்த்த ஆளை மறுநாள் சுட கை வருமா, அந்த பயம்தான் அவங்களுக்கு. 1915-ல பண்டிகைன்னு சண்டைய விடக் கூடாதுன்னு கறாரா சொல்லிட்டாங்க, அப்படியும் பிணங்களை அடக்கம் பண்ண கொஞ்ச நேரம் நிறுத்த ஒத்துக்கிட்ட ஸ்காட்ஸ் கார்ட்ஸ்ங்கிற பிரிட்டிஷ் படைப்பிரிவோட கேப்டன் அயன் கோல்ஹூனை கோர்ட் மார்ஷல்ல நிக்க வச்சாங்க, கடைசில கண்டிச்சு விட்டாங்க.

கேள்வி: இந்திய சிப்பாய்ங்க யாராவது அதுல இருந்தாங்களா?

பதில்: இருந்தாங்க. 39-வது கார்வால் ரைஃபிள்ஸ்காரங்க அப்ப பிரான்ஸ்ல முன்வரிசையில இருந்தாங்க, பெரும்பாலும் மலைநாட்டு இந்துக்கள், கிறிஸ்துமஸ் அவங்க பண்டிகையே இல்ல, ஆனாலும் 25-ம் தேதி அவங்களும் வெளிய வந்து ஜெர்மன்காரங்களோட நின்னு பேசியிருக்காங்க.