பழைய அம்பாசடருக்கு எந்த ஜாக்?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் 1970 மார்க் 2 அம்பாசடர் வைத்திருக்கிறீர்கள், டிக்கியில் போட்டுக்கொள்ள கத்தரி ஜாக்கா (திருகித் தூக்குவது), பாட்டில் ஜாக்கா (ஆயில் அழுத்தத்தில் தூக்குவது) என்று கேட்டிருந்தீர்கள். என் ஓட்டு 2 டன் பாட்டில் ஜாக்குக்கு, சார்.

கத்தரி ஜாக்கைக் கதவுக்குக் கீழே கொடுத்துத்தான் தூக்குவோம். நம்ம ஊர் உப்புக்காற்றில் அந்தத் தகடு வெளியே பெயிண்ட் பளபளக்க உள்ளே மக்கியிருக்கும். என் வண்டியில் அப்பளம் மாதிரி நொறுங்கி, ஜாக் உள்ளே போய்விட்டது. நல்லவேளை, சக்கரத்தை இன்னும் கழற்றவில்லை.

பாட்டில் ஜாக்கைப் பின்னால் ஆக்சிலுக்கு (இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே ஓடும் தண்டு) அடியில், லீஃப் ஸ்பிரிங் (பட்டை பட்டையாக அடுக்கிய வில்) பக்கமாகக் கொடுங்கள். கடைக்குப் போகும் முன் ஒரு பின்டயரில் காற்றை முழுக்க இறக்கி, அந்த இடத்தின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ஜாக் அதைவிடக் குட்டையாக இருந்தால்தான் பஞ்சர் அன்றைக்கு உள்ளே நுழையும்.

தனுஷ்கோடி ரோட்டில் ஓரம் இறங்கினால் மணல்தான். ஜாக்குக்குக் கீழே போட, ஒரு அடி நீளத்தில் கனமான பலகைத் துண்டு கட்டாயம். பின்பக்கம் தூக்கும்போது ஹேண்ட்பிரேக்கை நம்பாதீர்கள், அது பிடிப்பதே பின்சக்கரங்களைத்தான். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். அப்புறம், ஜாக்கை டிக்கியில் நிமிர்த்திக் கட்டிவையுங்கள், படுக்கப் போட்டால் ஆயில் கசியும்.