பதில்: பாங்காக், பினாங்கு, சிங்கப்பூர் – லக்கேஜும் அம்மாவின் சைவமும்

பாங்காக்கில் தொடங்கி சிங்கப்பூரில் முடிக்கிறீர்கள், ஷாப்பிங் மொத்தமும் பாங்காக்கில், அம்மா சுத்த சைவம், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். குறைந்த கட்டண விமானங்களில் பெரும்பாலும் கையில் 7 கிலோதான். முதல் ஊரிலேயே மூட்டை கட்டிக்கொண்டால் அடுத்த இரண்டு விமானத்திலும் அதற்கு அழ வேண்டும். சனி, ஞாயிறு பாங்காக்கில் அமைகிற மாதிரி பாருங்கள். சதுசாக் சந்தை முழுதாகக் களைகட்டுவது அப்போதுதான். பெரிய கடைகளில் ஒரே நாளில் ஒரே கடையில் 2000 பாட் (தாய்லாந்து நாணயம்) மதிப்புக்குப் பொருள் வாங்கினால் வரி திரும்பக் கேட்கலாம். பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவத்தை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குச் சிங்கப்பூரிலும் மலேசியாவின் பினாங்கிலும் கவலையில்லை, இரண்டு இடத்திலும் லிட்டில் இந்தியா இருக்கிறது. சிக்கல் பாங்காக் தெருக்கடைகளில்தான். 'கறி வேண்டாம்' என்றால் கறியை மட்டும் எடுத்துவிட்டு மீன் சாஸைத் தாராளமாக ஊற்றித் தருவார்கள். பப்பாளிக்காய் சாலட்டில்கூட அது உண்டு. மஞ்சள் துணியில் சிவப்பாக 'ஜே' என்று தாய்லாந்து எழுத்தில் தொங்குகிற கடையைத் தேடுங்கள். முட்டை, மீன் எதுவும் இருக்காது, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது.

பாங்காக் அரண்மனைக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை. பினாங்கில் டுரியான் பழம் வாங்கினால் தெருவிலேயே முடித்துவிடுங்கள், அதன் கடுமையான வாடைக்காகப் பல ஓட்டல்களில் உள்ளே விடமாட்டார்கள்.

மூன்று நாட்டுக்கும் தனித்தனி வருகை அட்டை, இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். மூன்றுமே இலவசம். பணம் கேட்கிற தளம் என்றால் உடனே மூடிவிடுங்கள்.