கண்ணாடி அளக்கும் கை – கடிதம்

மதிப்பிற்குரிய டீச்சர்,

வணக்கம். சென்ற மாதம் உறவினர் திருமணத்திற்காக மதுரைக்குப் போயிருந்தபோது அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்த்தேன். 1976-இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி ஒரு தெய்வப் பிறவி என்றே எனக்குத் தோன்றியது. எங்கள் ஆலயக் குழுவினர் 8,000 வெள்ளி திரட்டியிருக்கிறோம். அதை அங்கே அனுப்பலாமா, அல்லது பினாங்கிலேயே அப்படி ஒன்றைக் கட்ட முயலலாமா? இன்னொரு ஐயம். அது டாக்டர்கள் படிக்கும் இடம் என்பதால் இலவசமாக வரும் ஏழைகளின் கண்ணில்தான் கத்தி பழகுகிறார்கள் என்று என் மாமா சொல்கிறார். உண்மையா? அம்மாவுக்கும் வலது கண் ஆறு மாதமாக மங்கலாக இருக்கிறது. தீபாவளி கழியட்டும் என்றிருக்கிறோம்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை, இங்கே கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கத்தின் அருகே, நடைபாதையின் மஞ்சள் கல்லைத் தடியால் தட்டியபடி ஒரு மூதாட்டி நடந்துபோவதைப் பார்த்தேன். அப்போதிருந்து என் பாட்டியின் நினைவாகவே இருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பணத்தை எங்கே அனுப்புவது என்பது உங்கள் குழு கூடி முடிவு செய்ய வேண்டியது. மாமா சொன்னதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஏழைகளின் உடலில் மாணவர்கள் பழகிய காலம் உலகெங்கும் இருந்தது. அவருடைய அச்சம் அங்கிருந்து வருவது. ஆனால் மதுரையில் கட்டணப் பிரிவிலும் இலவசப் பிரிவிலும் அதே மருத்துவர்கள்தாம் மாறி மாறிப் பணியாற்றுகிறார்கள். மருத்துவமனையை நேரில் பார்த்துவிட்டு வந்த நீங்கள், அதை அங்கேயே ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், மாமாவின் பேச்சைச் சுமந்துகொண்டு வந்து என்னிடம் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அதைவிடப் பிடிக்காதது ‘தெய்வப் பிறவி’ என்ற சொல். நாம் ஒருவரைத் தெய்வமாக்கிவிட்டால் அவர் செய்த வேலையைக் கற்றுக்கொள்ளும் கடமையிலிருந்து தப்பித்துவிடுகிறோம். மகப்பேறு மருத்துவராக விரும்பிய அந்த மனிதர், மூட்டுவாத நோயால் விரல்கள் கோணிப்போய் இராணுவ மருத்துவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர். அந்த விரல்களுக்கே கத்தி பிடிக்கப் பழக்கி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். மதுரை மருத்துவக் கல்லூரியில் இருபது ஆண்டுகள் கண் மருத்துவம் கற்பித்து, மற்றவர்கள் ஓய்வூதியத்தை எண்ணி உட்காரும் வயதில், வீட்டை அடகு வைத்து அந்த 11 படுக்கைகளைப் போட்டார். அவர் ஓர் ஆசிரியர், தம்பி. நானும் முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். பார்வை குறைந்தபின், பால் வடியும் கிண்ணமான மங்கில் விரலை விட்டுத்தான் பால் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு வெட்டு வேலையை விட்டுவிட்டு ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தாள். எழுபதுகளின் நடுவில் பட்டணத்து மருத்துவமனை ஒன்றில் அவளுக்குக் கண்புரை அறுவை நடந்தது. அக்காலத்து வழக்கப்படி புரை பிடித்த விழிவில்லையை எடுத்துவிட்டு, உள்ளே மாற்று எதுவும் வைக்காமல், சோடாப்புட்டிக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கண்ணாடியில் எல்லாமே பெரிதாகவும் பக்கத்திலும் தெரியும். தேநீர்க் கோப்பையை எடுக்கக் கை நீட்டுவாள், விரல்கள் கோப்பைக்கு முன்னாலேயே மூடிக்கொள்ளும். இருந்தாலும் பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாள். அறுவை முடிந்த எட்டாம் மாதம் ஆயாக்கொட்டகையில் ஒரு குழந்தை இழுத்ததில் கண்ணாடி உடைந்தது. மாற்றுக் கண்ணாடி கேட்டுப் போனபோது, அறுவை முடிந்தாயிற்று, அளந்து கொடுக்க ஆளில்லை என்று அனுப்பிவிட்டார்கள். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரஸ்ஸர் இரக்கப்பட்டு, இறந்துபோன யாருடைய கண்ணாடியையோ கொண்டுவந்து கொடுத்தார். அதை நூலால் காதில் கட்டிக்கொண்டு, பாதி தெரிந்தும் தெரியாமலும், சுவரைத் தடவியபடியே பாட்டி லயத்து வீட்டில் ஆறு ஆண்டுகள் இருந்து இறந்தாள்.

அந்த மருத்துவமனையில் நல்ல அறுவை மருத்துவர் இருந்தார். அவரைச் சுற்றி இருக்க வேண்டிய, கண்ணாடி அளக்கத் தெரிந்த, நோயாளியிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்த பத்துப் பேர் இல்லை. மதுரையில் அந்தப் பத்துப் பேரை உண்டாக்கினார்கள். பள்ளிப்படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, டாக்டர் வெங்கடசாமியின் தங்கை டாக்டர் நாச்சியார் முன்னின்று, இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார்கள். பார்வை அளப்பதும், கண் அழுத்தம் பார்ப்பதும், நோயாளியை அறுவைக்குத் தயார் செய்வதும், அறுவை மேசையருகே நின்று கருவி எடுத்துக் கொடுப்பதும் அவர்கள் வேலை. ஒருவருக்கு அறுவை முடிவதற்குள் அடுத்தவர் பக்கத்து மேசையில் தயாராக இருப்பதால்தான் அங்கே ஒரு மருத்துவரால் ஆண்டுக்கு 2,000 அளவில் அறுவைகள் செய்ய முடிகிறது. வேகத்தைக் கண்டு வியக்கிறவர்கள் அந்தப் பெண்களின் கைகளைப் பார்ப்பதில்லை. நீங்களும் உங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

கண்ணுக்குள் வைக்கும் வில்லை நூறு டாலருக்கு மேல் விற்ற காலத்தில், 1992-இல் அவர்கள் தொடங்கிய அரோலேப் என்னும் தொழிற்கூடம் அதைப் பத்து டாலர் அளவில் செய்து கொடுத்தது. அங்கும் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் அப்படிப் பயிற்சி பெற்ற பெண்கள்தாம். அதே ஆண்டு தொடங்கிய அவர்களுடைய பயிற்சி நிறுவனத்தில் பல நாடுகளின் மருத்துவமனைகள் வந்து கற்றுக்கொண்டு போயிருக்கின்றன. கற்றதை மறைத்து வைத்துக்கொள்ளாத இடம் அது. டாக்டர் வெங்கடசாமி 2006-இல் மறைந்தார். மறுநாளும் புற நோயாளிகள் வரிசை அப்படியே நகர்ந்திருக்கும் என்பதை நான் எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பினாங்கில் கட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் உங்கள் ஆலயத்துக்கு வரும் பிள்ளைகளில் கண் பரிசோதனைப் படிப்புக்குப் போக விரும்பும் ஒரு பெண் இருக்கிறாளா என்று விசாரித்துச் சொல்லுங்கள். கட்டடத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

அம்மாவின் கண்ணைப் பற்றி எழுதிய அந்தக் கடைசி வரிதான் எனக்குத் தாங்கவில்லை. ஊருக்கெல்லாம் மருத்துவமனை கட்ட நினைக்கும் பிள்ளை, ஆறு மாதமாகத் தாயின் கண்ணைத் தீபாவளிக்குத் தள்ளி வைத்திருக்கிறீர்கள். அது புரையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளும். கண் அழுத்த நோயாக இருந்தால் போன பார்வை திரும்பாது. இந்த வாரமே ஒரு நாள் விடுப்பு எடுத்து அவரை அழைத்துப் போங்கள். இரண்டு கண்ணையும் காட்டுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
டீச்சர்