சூளையிலிருந்து திரும்பிய குடும்பத்துக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் ஊர் ஓரத்து இருளர் குடியிருப்புக்கு, செங்கல் சூளையில் கொத்தடிமையாக இருந்து அதிகாரிகளால் மீட்கப்பட்ட ஒரு குடும்பம் வந்திருக்கிறது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். மகளிர் குழுவில் பேசி அரிசி, துணிமணி கொடுக்க நினைத்தோம். அதற்குள் சூளை மேஸ்திரி போன் போட்டு, "அட்வான்ஸைத் திருப்பிக் கொடு, இல்லையா வேலைக்கு வா" என்று மிரட்டுகிறாராம். அந்தப் பெண் எங்களிடம் கடன் கேட்கிறாள். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, திருவள்ளூர் மாவட்டம்

பதில்: அந்த அட்வான்ஸை அடைக்க என்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்தக் கடனே இப்போது கிடையாது. 1976-ஆம் ஆண்டு கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அதை ரத்து செய்துவிட்டது. ரத்தான கடனுக்குப் பணம் வாங்கினால் வாங்கியவருக்குத்தான் 3 ஆண்டு வரை சிறை. மேஸ்திரி கூப்பிட்ட நம்பர், நாள், பேசியது எல்லாவற்றையும் குறித்துவைத்து, போலீஸிலும் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்திலும் மனு எழுதிக் கொடுங்கள். அவர்களைத் தனியாக அனுப்பாமல் உங்கள் குழுவில் இரண்டு பேர் கூடப் போனால் அங்கே கிடைக்கும் மரியாதையே வேறு (இது நியாயமா என்றால் இல்லை, ஆனால் நிலவரம் அதுதான்).

அடுத்து, விடுதலைச் சான்று (கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டதாக ஆர்.டி.ஓ. தரும் சான்று) கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கணவர் பெயரில் மட்டும் இருந்தால் விடாதீர்கள். அவரோடு சேர்ந்து மண் மிதித்து, கல் அறுத்த மனைவிக்கும், வேலை செய்த பிள்ளைகளுக்கும் தனித்தனியாகச் சான்று வேண்டும். 2016-இல் மாற்றியமைத்த மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமையான வழக்குகளில் 3 லட்சம் ரூபாய் என்று இருக்கிறது. மனைவி பெயர் விடுபட்டால் என்ன நஷ்டம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மீட்ட உடனே தரவேண்டிய உதவித்தொகைக்கு வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஆனால் பெரிய தொகை வழக்கோடு பின்னிக்கிடப்பதால் இழுத்துக்கொண்டே போகும்.

அந்த இழுத்தடிப்பில்தான் குடும்பங்கள் மறுபடி மாட்டிக்கொள்கின்றன. மழைக்காலத்தில் சூளை ஓடாது, கையில் காசு இருக்காது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலே கடன்தான், அந்த நேரம் பார்த்து இன்னொரு மேஸ்திரி பத்தாயிரத்தை நீட்டுவார். அரிசி கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் மூட்டையாகக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவதைவிட, அந்தப் பெண்ணை உங்கள் குழுவில் உறுப்பினராகவே சேர்த்துவிடுங்கள், அவசரத்துக்குச் சின்னக் கடன் கேட்க ஓர் இடம் இருக்கும். உங்களிடம் கடன் கேட்டாளே, அதற்கு என் பதில் இதுதான்.

ரேஷன் கார்டு, ஆதார், வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு அவள் பெயரிலேயே இருக்கட்டும், ஏடிஎம் கார்டை வேறு யாரும் 'பத்திரமாக' வைத்துக்கொள்ள வேண்டாம். பழங்குடியினர் சாதிச் சான்று தருவதும் அதே ஆர்.டி.ஓ. அலுவலகம்தான், ஒரே நடையில் இரண்டையும் கேளுங்கள். பிள்ளைகளின் படிப்பு எந்த வகுப்பில் நின்றதோ, அதைத் தலைமையாசிரியரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பது சட்டப்படி அவர்கள் உரிமை.

அரிசி கொடுப்பதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். வழக்கு நடக்கும்போது குடும்பம் இருக்கும் இடம் மேஸ்திரிக்குத் தெரிய அது ஒன்றே போதும். "அங்கே என்னம்மா நடந்தது?" என்று ஆளாளுக்கு விசாரிப்பதும் வேண்டாம். அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மாவட்டத்திலேயே, மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் மாவட்ட நிர்வாகத்தின் உதவியோடு 'சிறகு' என்ற பெயரில் சொந்தமாகச் செங்கல் சூளை தொடங்கியிருக்கிறார்கள். தெரிந்த தொழில், ஆனால் முதலாளி அவர்களே. அந்தக் குடும்பத்துக்கு இப்படி ஒன்றில் விருப்பம் இருக்கிறதா, இல்லை சூளைப் பக்கமே போக வேண்டாம் என்று நினைக்கிறார்களா என்று கேளுங்கள். மனுவுக்கு வக்கீல் வேண்டுமென்றால் இலவச சட்ட உதவி எண் 15100.