சிரிப்பு வராத அம்மாவுக்கு

கேள்வி: பின்னேரம் வேலையால வந்து சமைச்சு முடிய, பிள்ளைகள் ரெண்டும் (ஒன்பது வயசு, ஆறு வயசு) கார்ட்டூன் படத்தைப் போட்டிட்டு "அம்மா வாங்கோ" எண்டு இழுக்கினம். "பெரியாக்களுக்கும் அதில நல்ல பகிடி இருக்கக்கா" எண்டு கனடாவில இருக்கிற தம்பி சொல்றான். எனக்கு ஒரு சிரிப்பும் வரேல்லை. பாதியில போனை எடுத்திடுறன், மூத்தவ கோவிக்கிறா. என்னில ஏதும் பிழையோ?
- ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: உங்களில் ஒரு பிழையுமில்லை, தங்கச்சி. தம்பி சொன்னதும் பொய்யில்லை. ஆனால் அவர் சிரிக்கிற பகிடிகளில் கொஞ்சம் அந்தப் பக்கத்து ஆட்களுக்கென்றே எழுதியவை.

2015இல் வந்த 'இன்சைட் அவுட்' ஒரு சிறுமியின் தலைக்குள் நடக்கிற கதை. அதில் மேகத்தால் கட்டிய ஊரில் ஒரு பொலிஸ்காரர் ஒரு வசனம் சொல்வார். 1974இல் வந்த 'சைனாடவுன்' படத்தின் பேர்போன வசனத்தைக் கொஞ்சம் மாற்றியது அது. அந்தப் படம் பாராதவருக்கு அதில் பகிடியே கிடையாது, விட்டுவிடுங்கள். அதே 'இன்சைட் அவுட்' படத்தில் ரயிலுக்குள் பெட்டிகள் கவிழ்ந்து, உண்மைகளும் அபிப்பிராயங்களும் கலந்துபோகும். எது எதென்று தெரியவில்லையே என்று ஒருத்தி தவிப்பாள். இது எப்பவும் நடக்கிறதுதான் என்று மற்றவர் அள்ளிப் போட்டுக்கொண்டிருப்பார். கோயில் நிர்வாக சபைக் கூட்டத்தில் ஒருதரம் இருந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்த இரண்டாவது வகை உள்ள படமாகப் பார்த்து எடுங்கள். 'ஸூடோப்பியா' (2016) கிடைத்தால் முதலில் அதைப் போடுங்கள். அவசரமாக ஒரு வாகன இலக்கத்தைத் தேடி, முயல் பொலிஸ்காரி ஒருத்தி மோட்டார் வாகனக் கந்தோருக்குப் போவாள். அங்கே வேலை செய்கிறதெல்லாம் ஸ்லோத் என்ற மிருகம். எங்கட தேவாங்கின் முகச்சாயல், மந்தத்தில் அதற்கும் மேலே. ஒரு சொல் சொல்லி, மூச்சு விட்டு, அடுத்த சொல். கூட வந்த நரி வேண்டுமென்றே அதற்கொரு பகிடி சொல்லும். சிரிப்பு அதன் வாயோரத்தில் தொடங்கி முகம் முழுக்கப் பரவி முடியவே ஒரு யுகம். பிறகு அது பக்கத்து மேசைக்காரிக்கு அந்தப் பகிடியைச் சொல்லத் தொடங்கும்! இவர்கள் வெளியே வர இரவாகிவிடும். உங்கள் சின்னவன் அந்த முகத்துக்குச் சிரிப்பான். நீங்கள் விடியவே கச்சேரிக்குப் போய் "சேர் வெளியால போட்டார், நாளைக்கு வாங்கோ" என்று கேட்டுத் திரும்பிய நாட்களை நினைத்துச் சிரிப்பீர்கள்.

'பைண்டிங் நீமோ' (2003) பற்றி ஒரு எச்சரிக்கையோடு சொல்கிறேன். தொடக்கத்திலேயே தாய் மீனும் ஒன்று தவிர முட்டைகள் எல்லாமும் போய்விடும். எங்கட ஆட்களில் சிலருக்கு அந்தக் காட்சி தாங்காது. அந்த இடத்தை முதலில் நீங்கள் தனியப் பாருங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிட்டுத் தொடங்குங்கள். மிஞ்சின பிள்ளையைத் தகப்பன் முதல்நாள் பள்ளிக்கூடம் கூட்டிப்போகிறார். வாசலில் வெளியே எட்டிப் பார்த்து உள்ளே வரவேண்டும், திரும்ப வெளியே, திரும்ப உள்ளே. அதற்குப் பிறகும் இன்னொருதரம். பிள்ளைக்குப் பொறுமை போய்விடும். நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அம்மா, இது நீங்கள்தானே" என்றாள்.

போதுமான அளவு பகிடி இருக்கா என்றால், ஒன்றரை மணித்தியாலப் படத்தில் பெரியவர் மனம்விட்டுச் சிரிக்க நாலைந்து இடம் இருந்தாலே எனக்குக் காணும். அதுவும் இல்லாத படங்கள் எத்தனையோ. அப்படியானதுக்கு நீங்கள் குந்தியிருக்கத் தேவையில்லை, குசினிக்குப் போங்கள். வெள்ளிக்கிழமைப் படத்தை மட்டும் நீங்களே தெரிவு செய்வதாக மூத்தவளிடம் சொல்லிவிடுங்கள். அன்றைக்குப் போனை மற்ற அறையில் சார்ஜில் போட்டுவிட்டு வந்து இருங்கள்.